கதவு பொருந்தாத பலாப்பழம்

ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலையில் ஒரு காபித் தோட்டத்து மேட்டில், மூடுபனிக்குள், ஒரு கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பலாப்பழம். சாதாரணப் பலாப்பழம் இல்லை. உள்ளே இரண்டு கட்டில் போட்டு, ஓரமாக ஒரு மேசையும் போடலாம். கம்பியும் சிமெண்டும் வைத்து நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பழம். என் கையில் இருந்தது அதன் கதவு.

பனி என்றால் தூரத்தில் அழகாகத் தெரியுமே, அந்தப் பனி இல்லை. மூக்குத்தியைச் சில்லென்று ஆக்கிவிடுகிற பனி. ஈரச் சிமெண்டு வாசனையும் காபிச்செடி வாசனையும் கலந்து வந்தது. மேலே பழத்தின் காம்புப் பக்கம் யாரோ கரணையால் தேய்க்கிற சத்தம். யாரோ என்ன, என் வீட்டுக்காரர்தான்.

கதவைத் தூக்கி வாசலில் பொருத்தினேன். மேல்பக்கம் சரி. வலப்பக்கம் சரி. இடப்பக்கம் மட்டும் ஒட்டவில்லை. நாலு விரலை உள்ளே விட்டு ஆட்டலாம், அவ்வளவு சந்து.

கதவைத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாக வைத்துப் பார்த்தேன். வேலைக்கு வந்த இரண்டு ஆட்கள் நான் என்ன வித்தை காட்டப் போகிறேன் என்று சிமெண்டு அள்ளுகிற பாண்டு சட்டியோடு நின்றார்கள். கடைசியில் ஒன்றும் நடக்காதபோது மனுஷி என்ன செய்வாளோ அதைச் செய்தேன். என் கம்ப்யூட்டரைத் திட்டினேன். பாவம், அது சேலத்தில் இருந்தது.

பத்திரிகை அடித்தவள்

எங்கள் தொழிலைப் பற்றிப் புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் கட்டுவது வீடும் இல்லை, சிலையும் இல்லை. ஓட்டல் வாசலில் வாய் பிளந்து நிற்கிற டைனோசர், விளையாட்டுப் பள்ளியில் குழந்தைகள் நுழைந்து வெளிவருகிற காளான், ரிசார்ட்டில் தண்ணீர்த்தொட்டியை மறைக்கிற பொய் ஆலமரம். இதெல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நாங்கள்தான்.

நான் சேலத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தவள். பிறகு வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் வாங்கினேன். ஸ்டிக்கர் வெட்டியவள் ப்ளைவுட் வெட்ட எத்தனை நாள் ஆகும்? இப்போது கூடத்தை விடப் பெரிய மெஷின் ஒன்று எங்கள் பட்டறையில் படுத்திருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே வெட்டித் தரும். தப்பாக வரைந்தால் தப்பாகவே வெட்டும். ஒன்றைக் கூட்டாது, குறைக்காது. இந்த விஷயத்தில் என் நாத்தனாரை விட அது நூறு மடங்கு மேல்.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் கோபுரத்தில் சுதை வேலை செய்தவர். சாரத்தில் தொங்கிக்கொண்டு துவாரபாலகருக்கு மீசை வைத்தவர். இன்றைக்கும் கோயில் வேலை வந்தால் போவார். வராத மாதங்களில் டைனோசருக்குப் பல் வைப்பார். இரண்டையும் ஒரே சிரத்தையோடுதான் செய்வார். எங்கள் டைனோசர்களைக் கவனித்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் துவாரபாலகர் சாயல் இருக்கும்.

ஆக, எலும்பு என்னுடையது, சதை அவருடையது. அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

யாரூட்டுப் பழம்?

பலாப்பழத்தைக் கேட்டவள் ராசாத்தி. தலைச்சோலைக்காரி. காபி, மிளகு, ஆரஞ்சு என்று மலைச்சரிவில் கொஞ்சம் பூமி. ஏற்காட்டுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் தங்க ஒரு அறை கட்ட வேண்டும், அது சும்மா அறையாக இருக்கக் கூடாது, ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் சிமெண்டு விற்கிற பாய் எங்கள் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

முதல் தடவை நாங்கள் போனது பலா பழுக்கிற மாதம். தோட்டத்து ஓரத்தில் நின்ற மரத்தடிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், கீழே கிடந்த ஒரு பழத்தைக் காலால் உருட்டிக் காட்டினாள். ஒரு பக்கம் நன்றாக உப்பி, மறுபக்கம் யாரோ முழங்கையால் இடித்ததுபோல் உள்வாங்கிச் சொட்டையாக இருந்தது.

"இதையே ஊடாக் கட்டிக் குடுங்கக்கா."

"வேற நல்ல பழமாப் பாக்கலாமே ராசாத்தி?" என்றேன்.

"இந்த மரத்துல எல்லாமே இப்படித்தானுங்க காய்க்கும். கீழ சேலத்துக்கு அனுப்புனா யாவாரி ஓரமா ஒதுக்கி வெச்சிருவான்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதிலும் ஒரு நீதி தேடுவேன். "அப்ப சொட்டைப் பழந்தான் தித்திப்பு ஜாஸ்தியோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மத்த பழமாட்டந்தான் இருக்கும். சுளை வேணா கொஞ்சம் கம்மி." அவள் சிரிக்கவில்லை. "ஆனா எங்க பழம் இதுதானுங்களே. வேற மாதிரி கட்டுனா அது யாரூட்டுப் பழமோ."

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. போனை வைத்துக்கொண்டு அந்தப் பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலும் கீழுமாகப் படம் எடுத்துத் தள்ளினேன். அத்தனை படத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரே உருவமாக்கிவிடும். அந்த உருவத்தைப் பெரிதாக்கி, வெங்காயத்தை வட்ட வட்டமாக அரிவதுபோல் அரிந்தால், ஒவ்வொரு வட்டத்தையும் மெஷின் ப்ளைவுட்டில் வெட்டித் தரும். மலைக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தி, ஓரத்தோடு கம்பியை வளைத்து, கோழிவலை சுற்றி, சிமெண்டு அப்ப வேண்டியதுதான்.

முள்ளுக்கும் நான் ஒரு அச்சு வெட்டியிருந்தேன். ஈரச் சிமெண்டில் அழுத்தினால் முள் முள்ளாக விழும். வீட்டுக்காரர் அதை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "எல்லா முள்ளும் ஒரே அளவா இருந்தா அன்னாசின்னு சொல்லிருவாங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் அதில் உட்கார்ந்து டீயும் குடித்தார். முள்ளெல்லாம் கையால்தான் என்று முடிவானது.

சொட்டையை மட்டும் நான் விடவில்லை. வாசலை அந்தச் சொட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவின் இடது ஓரம் சொட்டையோடு சேர்ந்து உள்ளே வளைந்து போகும்படி வரைந்தேன். இதுவரை நான் வரைந்ததில் அழகானது எது என்று கேட்டால் அந்த வளைவைத்தான் சொல்வேன். ஏன் அத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு கால் குட்டை

எனக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. பிறவியிலேயே அப்படி. பெண் பார்க்க வந்த அன்று, என் பெரியம்மா விவரமாக அவர்கள் வருவதற்கு முன்பே என்னைப் பாயில் உட்கார வைத்துவிட்டாள். காபித் தட்டை என் தங்கை கொண்டுபோனாள். பெண் ஏன் எழுந்திருக்கவில்லை என்று வந்தவர்கள் கேட்டதற்கு, "கூச்ச சுபாவம்" என்றாள். நானா கூச்ச சுபாவம்! எங்கள் தெருவில் இதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நேரம் மறைக்க முடியும்? அவர்கள் கிளம்பும்போது நானே எழுந்து வாசல் வரை போனேன். ஆறுமுகம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் நடந்தது.

அப்புறம் கொஞ்ச நாளில் ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பழைய பைக் டயரை அறுத்து இடது செருப்புக்கு அடியில் ஒட்டி, ஓரத்தை மழுங்கத் தேய்த்து, வலது செருப்பை விட ஒரு அங்குலம் உயரமாக்கியிருந்தார். அதைப் போட்டால் நான் நேராக நடந்தேன். செருப்பு தேய்ந்து புதிது வாங்கும்போதெல்லாம் அவரே டயர் அறுப்பார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. எங்களுக்குள் பேசாமல் விட்டது நிறைய இருக்கிறது, அதில் இது ஒன்று.

இந்தப் பலாப்பழ வேலையில்தான் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தேன். ஒரு நாள் ராசாத்தி தோட்டத்தில் செருப்பு வார் அறுந்துபோய், வெறுங்காலோடு சரிவில் நடக்க வேண்டியதாயிற்று. இடக்கைப் பக்கம் மேடு, வலக்கைப் பக்கம் பள்ளம். நடந்து பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, நான் நொண்டவில்லை! மலையே சரிந்துகொண்டு என் காலுக்கு அளவெடுத்த மாதிரி நின்றது. குஷியாகிவிட்டது. திரும்பி வந்தபோது மேடு வலப்பக்கம் மாறிவிட்டதால் இரண்டு மடங்கு நொண்டினேன் என்பது வேறு விஷயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும்தான்.

"நசுங்கிடுச்சுன்னு நெனைச்சேன்"

கதவோடு நின்ற இடத்துக்கு வருகிறேன். பூச்சு வேலை நடந்த நாளெல்லாம் நான் சேலத்துப் பட்டறையில் கதவு செய்துகொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் அதோடு மலை ஏறியிருந்தேன்.

கம்ப்யூட்டரைத் திட்டி முடித்துவிட்டு நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். பனி ஒரு நொடி விலகியது. பழம் முழுசாகத் தெரிந்தது. இந்தப் பக்கமும் உப்பல், அந்தப் பக்கமும் உப்பல். கொழுகொழுவென்று, லட்சணமாக, பொங்கல் வாழ்த்து அட்டையில் போடுகிற பழம்போல் இருந்தது. சொட்டையைக் காணோம்.

ராசாத்தி டீத்தூக்கோடு வந்தாள். "நீ பாத்தியா கண்ணு?" என்றேன்.

"பாத்தனுங்க. நொம்ப நல்லாத்தான் இருக்குது." டீயை ஊற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணன் மழையில நனைஞ்சுக்கிட்டு ஒவ்வொரு முள்ளா வெச்சிட்டிருந்தாங்க. என்னத்தைச் சொல்றதுன்னு வுட்டுட்டனுங்க."

"சொல்லணும்னு இருந்துச்சா?"

"எங்கூட்டுப் பழம் இல்லீங்களே அது." டீத்தூக்கை வைத்துவிட்டுக் காபி பறிக்கப் போய்விட்டாள்.

நான் மேலே பார்த்துக் கூப்பிட்டேன். "ஏனுங்க, கொஞ்சம் எறங்கி வாங்க. இங்க இருந்த சொட்டை எங்கேங்க?"

ஏணியில் பாதி இறங்கி நின்றார். "எந்தச் சொட்டை?"

"நான் வெட்டிக் குடுத்த சொட்டை."

"அதுவா? ஜீப்புல வர்றப்ப பலகை நசுங்கிடுச்சுன்னு நெனைச்சேன். வளைவுக்கு வளைவு தூக்கித் தூக்கிப் போட்டான்ல. அதான் தெர்மாகோல் வெச்சு ரொப்பி, மேல வலை கட்டிப் பூசிவிட்டேன்."

"அத்தனை பலகையும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே எடத்துல நசுங்குச்சுங்களா?"

அவருக்குப் பொய் வராது. வந்தாலும் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. இறங்கி வந்து பழத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொறை வெச்சு எப்படி மல்லிகா நிறுத்தறது? கை வரமாட்டேங்குது. கோபுரத்துல ஒரு சின்னப் பொம்மைக்கு விரல் நுனி ஒடைஞ்சிருந்தாக்கூட கட்டி விட்டுட்டுத்தான் சாரம் பிரிப்போம். ஊனத்தோட ஒண்ணை நிறுத்தக் கூடாது. ஊருக்கே ஆகாதும்பாங்க."

ஊனம் என்ற அந்தச் சொல் வந்து விழுந்ததும் ஆட்கள் இரண்டு பேரும் என் காலைப் பார்த்தார்கள். பிறகு சட்டென்று பாண்டு சட்டியைப் பார்த்தார்கள். நான் அவர்களை டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அவர் சொன்னது அவர் தொழிலின் வழக்கம், எனக்குத் தெரியும். பின்னமான உருவத்தைக் கோயிலில் வைக்க மாட்டார்கள். டைனோசர் பல் ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இருக்கட்டும் என்று நான் சொன்னபோதுகூட ஒரே அளவாக வைத்த மனிதர். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் ஓடவில்லை. கதவும் மறந்துபோனது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் என் காலை என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப நானுங்க?" என்றேன்.

"என்ன நீ?"

"கல்யாணமான புதுசுல இருந்து டயர் ஒட்டி ஒட்டிக் குடுத்தீங்களே. அதுவும் இப்படித்தானா? கொறையோட நிறுத்தக் கூடாதுன்னு ரொப்பி விட்டீங்களா?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று பயமாக இருந்தது. அவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அந்தச் செருப்பை நான் என்ன செய்வேன்? கழற்றிப் போட்டுவிட்டு எப்படி நடப்பேன்?

அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினார். பேசுவதற்கு முன்னால் அவர் எப்போதும் அப்படிச் சுரண்டுவார், வெகுநேரம். அன்றைக்கு அந்த நேரம் எனக்குப் போகவே மாட்டேன் என்றது.

"நீ வந்த புதுசுல, பொழுது சாஞ்சா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருவ. கேட்டா, ரொம்ப நேரம் நின்னா வலிக்குதுன்ன. அதுக்குத்தான் டயர் வெச்சேன். நீ நடக்கறது எப்படித் தெரியுதுன்னு நான் பாத்ததே இல்ல."

நான் குனிந்து என் இடது செருப்பைப் பார்த்தேன்.

"செருப்பு உன் வலிக்கு வெச்சது." நிமிர்ந்து பழத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. "இது என் கண்ணுக்கு வெச்சது. ரெண்டும் ஒண்ணில்ல." தன்னையே கேட்கிற மாதிரிக் கேட்டார். "பழத்துக்கு எங்க வலிச்சுது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அவர் எழுந்து உளியையும் சுத்தியலையும் தேடிப் போனார்.

காபிச்செடியில் தெர்மாகோல்

பனிக்காலத்தில் மலையில் சிமெண்டு இறுகுவது மெதுவாகத்தான். சேலம் வெயிலாக இருந்திருந்தால் அந்தப் பூச்சை உடைக்கக் கை விட்டுப்போயிருக்கும். இங்கே உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. வைத்த முள்ளையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகச் செதுக்கித் தள்ளினார். ஆட்கள் கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்.

வலையை அறுத்ததும் தெர்மாகோல் உதிர்ந்து காற்றில் கிளம்பியது பாருங்கள்! வெள்ளை வெள்ளையாகப் பறந்து எங்கள் தலையிலும், அவர் புருவத்திலும், காபிச்செடிகளிலும் போய் ஒட்டிக்கொண்டது. ராசாத்தி கூடையோடு ஓடி வந்தாள். பாதிச் சொட்டை வெளியே தெரிந்ததைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே செடிகளைப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யோ, ஒண்ணு வுடாமப் பொறுக்கிருங்க! செடியில ஒட்டுனா மழைக்கும் போகாதுங்க இது!"

கோபுரத்துப் பொம்மைகளுக்குக் கண் திறந்த கைகளால் என் வீட்டுக்காரர் காபி இலையிலிருந்து தெர்மாகோல் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

மறுபடி பூச வேண்டிய நேரம் வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "போன்ல அந்தப் பழத்துப் படம் இருக்குதுன்னியே, காட்டு."

காட்டினேன். விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இங்க பாரு, உள்வாங்குன எடத்துல முள்ளு சின்னதா, நெருக்கி நெருக்கி இருக்குது. போகப்போகத்தான் பெருசாகுது" என்றார். நான் எத்தனையோ தடவை அந்தப் படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. அவர் அந்தச் சொட்டைக்குள் குனிந்து உட்கார்ந்து, மிளகு அளவில் தொடங்கி முள் வைத்துக்கொண்டே வந்தார். துவாரபாலகர் மீசைக்கு இத்தனை பாடு பட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

பூச்சு இறுகிய பிறகு கதவைப் பொருத்தினோம். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது. ராசாத்தி வந்து சொட்டையில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினாள்.

"இப்பச் சரிங்க," என்றாள். "இது எங்கூட்டுப் பழம்."

அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறக் கிளம்பினோம். தோட்டத்திலிருந்து ரோட்டுக்குப் போகிற பாதை, சரிவிலேயே ஓடுகிற ஒற்றையடிப் பாதை. இடக்கைப் பக்கம் மேடு. நான் நின்று இரண்டு செருப்பையும் கழற்றினேன்.

"ஏன், கடிக்குதா?" என்றார்.

"இல்லைங்க. இந்தப் பக்கம் மேடு. இங்க எனக்கு டயர் வேண்டியதில்லை."

புரியாமல் பார்த்தார். நான் முன்னால் நடந்து காட்டினேன். மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து என் செருப்பை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"நேரா நடக்கறேனா?" என்று கத்திக் கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்," என்றார். "வலிக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப நட," என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.